கேளுங்கள் சொல்கிறோம்: தூசு பிடிக்கும் தாள் வாயுவையும் பிடிக்குமா?

கேள்வி: மாடியில் காற்றை இழுத்துத் தூசைத் தாளில் (ஃபில்டரில்) பிடிக்கும் மாதிரிக் கருவிகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டுகிறோம். ஒன்றில் கண்ணாடி இழைத் தாள், மற்றதில் டெஃப்லான் தாள். கண்ணாடி இழை ஃபில்டரில் சல்பேட் எப்போதும் டெஃப்லானைவிடக் கூடுதலாக வருகிறது. காற்று ஒன்றுதானே? (முதுநிலை மாணவி, மணலி)

பதில்: காற்று ஒன்றுதான், தாள்தான் வேறு. சாதாரணக் கண்ணாடி இழையின் மேற்பரப்பு காரத்தன்மை கொண்டது. உங்கள் பகுதிக் காற்றில் இருக்கும் சல்ஃபர் டை ஆக்சைடு அதில் ஒட்டி, ஆக்சிஜனேற்றம் அடைந்து, தாளிலேயே சல்பேட் ஆகிவிடும். கடலோர ஈரப்பதம் இதற்கு ரொம்பத் தோது. 1 மில்லிகிராம் வாயு 1.5 மில்லிகிராம் சல்பேட்டாகி, தூசுக் கணக்கில் ஏறிவிடும்.

தாளிலுள்ள காரம் தீர்ந்ததும் இது நின்றுவிடும். அதனால் 24 மணி நேர ஓட்டத்தை 8 மணியாகக் குறைத்தால் பிழை குறையாது. குறைந்த காற்றுக்கு அதே சல்பேட் என்று விகிதம் ஏறத்தான் செய்யும்.

சல்பேட்டுக்கு டெஃப்லானை நம்பலாம். நைட்ரேட்டுக்கு அதுவும் யோக்கியன் இல்லை: மதிய வெயிலில் அம்மோனியம் நைட்ரேட் ஆவியாகிப் பறந்துவிடும். அதைப் பிடிக்கப் பின்னால் ஒரு நைலான் ஃபில்டர் வையுங்கள்.

கேள்வி: தூசிலுள்ள கரிமக் கார்பன் அளக்கக் குவார்ட்ஸ் இழைத் தாள் வாங்கினோம். காற்றே இழுக்காத வெற்றுத் தாளிலும் கார்பன் காட்டுகிறதே? (ஆய்வக உதவியாளர், கிண்டி)

பதில்: குவார்ட்ஸ் இழை கரிம ஆவியைச் சும்மா கிடக்கும்போதே இழுத்துக்கொள்ளும். ஆய்வக அசிட்டோன் வாடையே போதும். உலையில் 550 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சுட்டு, அதேபோல் சுட்ட அலுமினியத் தாளில் சுற்றி, உறைபெட்டியில் வையுங்கள். டெஃப்லானை மட்டும் உலைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், ஓர வளையம் உருகிவிடும்.

மாதிரி எடுக்கும்போதும் ஆவி ஏறும். முதல் கருவியில் குவார்ட்ஸ் தாள் மட்டும் இருக்கட்டும்; பக்கத்திலுள்ள இரண்டாவது கருவியில் டெஃப்லானுக்குப் பின்னால் ஒரு குவார்ட்ஸ் தாள் வையுங்கள். தூசு முன்னால் நின்றுவிடும், பின் தாளுக்கு ஆவி மட்டுமே போகும். அதன் அளவை முதல் கருவிக் கணக்கிலிருந்து கழியுங்கள். டெஃப்லானில் நின்ற தூசு விட்ட ஆவியும் அதில் கொஞ்சம் சேர்ந்திருக்கும் என்பதால், சற்று அதிகமாகக் கழிப்பீர்கள். அறிக்கையில் அதையும் எழுதுங்கள். தூசின் எடை பார்க்கக் குவார்ட்ஸ் தாள் வேண்டாம். ஓரம் உதிர்ந்து ரப்பர் வளையத்தில் ஒட்டிக்கொள்ளும்.