விதைப்புக்கு முன் மண்ணைப் பார்த்தால் நெல்லின் நோய் தெரியுமா?

கேள்வி: மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கம் 3 ஏக்கர் வயல், காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பு. போன பெரும்போகத்தில் கதிர் வெளிவர முன்னான குடலைப் பருவத்தில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இலைமடல் வெளிறி, பிறகு கதிரில் பாதி பதராகிவிட்டது. இன்னொரு பக்கம் பயிர் திட்டுத்திட்டாக மஞ்சளாகிக் குட்டையாகவே நின்றது. இந்தமுறை விதைக்க முன்னம் மண்ணைக் கொடுத்து நோய் இருக்கிறதா என்று பார்க்கலாமா? சரிவராவிட்டால் சோளன் போடவும் யோசிக்கிறேன்.

பதில்: பார்க்கலாம். ஆனால் எல்லா நோயும் மண்ணில் இருப்பதில்லை. இலையையும் கதிர்க் கழுத்தையும் கருக்கும் எரிபந்தம் காற்றோடும் விதையோடும் வரும். பற்றீரியா இலை வெளிறல் அடிக்கட்டை, புல், வாய்க்கால் தண்ணீர் வழியாக வரும். இவற்றுக்காக மண்ணைத் தூக்கிக்கொண்டு அலைவது வீண் செலவு.

உங்கள் வயலில் தெரிவது இரண்டு வேறு கோளாறுகள். முதலாவது அநேகமாக மடல் வெளிறல். இதை உண்டாக்கும் றைசொக்ரோனியா என்ற பங்கசு (பூஞ்சை), அறுவடைக்குப் பிறகு கபில நிற மணிகளாக மண்ணிலும் வைக்கோலிலும் கிடக்கும். கடுகளவிலும் இருக்கும், கொஞ்சம் பெரிதாகவும் இருக்கும், உருண்டை ஒழுங்காக இராது. வயலில் தண்ணீர் நின்றதும் இவை மிதந்து தண்டில் ஒட்டிக்கொள்ளும். நோய் நீர்மட்டத்தில் தொடங்குவது அதனால்தான்.

மிதக்கும் என்பதால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். நோய் கடுமையாக இருந்த இடத்தில், முக்கியமாகக் காற்று நுரையையும் சருகையும் ஒதுக்கும் வரம்பு மூலையில், மேல்மண்ணை ஒரு வாளியில் பாதிக்கு அள்ளுங்கள். தண்ணீர் விட்டு நன்றாகக் கலக்கி, மேலே மிதப்பதைப் பழைய சாரத் துணியில் வடித்து வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். புல் விதைக்கும் இந்த மணிக்கும் குழப்பம் வரும். விதை பளபளக்கும், மணி சொரசொரப்பாக இருக்கும், நகத்தால் நசித்தால் உடையும். நல்ல விளைச்சல் தந்த வரவையிலிருந்தும் (வரம்பு கட்டிய வயல் துண்டு) ஒரு வாளி எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மணி அகப்படவில்லை என்றால் நோயே வராது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அகப்பட்டால் எச்சரிக்கை உறுதி.

அதற்காக மண்ணுக்குப் பங்கசுநாசினி ஊற்றச் சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள். விதையைக் குறைப்பதுதான் பெரிய மருந்து. ஏக்கருக்கு இரண்டு, இரண்டரைப் புசல் போதுமான இடத்தில் நம்மவர்கள் நாலு புசல் கொட்டுவார்கள். அடர்த்தியான பயிருக்குள் ஈரம் தங்கி நோய் ஏறும். யூரியாவைப் பிரித்துப் போடுங்கள், வரம்புப் புல்லை வெட்டுங்கள். தண்ணீர் கட்டியதும் மூலையில் ஒதுங்கும் நுரையை அள்ளி வயலுக்கு வெளியே புதையுங்கள்.

இரண்டாவது கோளாறு சிக்கலானது. மஞ்சளாகிக் குட்டையாக நிற்பதற்கு வேரைத் தாக்கும், கண்ணுக்குத் தெரியாத வேர்முடிச்சு வட்டப்புழுவும் காரணமாகலாம், உப்பும் காரணமாகலாம். உங்கள் பக்கம் உவர்நீர் வாவிக்குக் கிட்ட என்பதால் உப்பை ஒதுக்கிவிட முடியாது. புழுதி விதைப்பில் ஆரம்பத்தில் தண்ணீர் நிற்காததால் வட்டப்புழுவுக்கும் அது வசதி.

இதைப் பிரித்தறியச் சட்டிச் சோதனை ஒன்று போதும். விதைப்புக்கு ஒரு மாதம் முன்பு, திட்டு இருந்த இடத்து மண்ணை ஒரு சட்டியிலும், அதே மண்ணைப் புழு சாகக் கொதிநீர் ஊற்றி ஆறவைத்து இன்னொன்றிலும் போட்டு நெல் ஊன்றுங்கள். ஈரம் காயக்கூடாது, தண்ணீரும் நிற்கக்கூடாது. மூன்று வாரத்தில் நாற்றை மண்ணோடு கிளப்பி, இழுக்காமல் தண்ணீரில் அலசுங்கள். கொதிநீர் ஊற்றாத சட்டியில் வேர் நுனி தடித்துக் கொக்கிபோல் வளைந்திருந்தால் வட்டப்புழுதான். இரண்டு சட்டியிலும் பயிர் ஒரே மாதிரி வாடினால் உப்பைச் சந்தேகியுங்கள்.

ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதானால் ஒரு விடயத்தில் பலரும் கோட்டை விடுகிறார்கள். பசளைச் சோதனைக்குரிய மண்ணை நிழலில் உலர்த்திக் கொடுப்பது வழக்கம். வட்டப்புழுச் சோதனைக்கு உலர்த்தவே கூடாது. ஈரமண்ணை வேரோடு பொலித்தீன் பையில் கட்டி, நிழலில் வைத்து, அடுத்த நாளே சேர்ப்பியுங்கள். மோட்டார் சைக்கிளில் வெயிலில் கொண்டுபோன மண்ணில் புழு செத்துப்போய், ‘ஒன்றும் இல்லை’ என்று அறிக்கை வந்தால் அதில் பொருளில்லை. ஒரு ஏக்கரில் பத்துப் பதினைந்து இடத்தில், 15 முதல் 20 சென்றிமீற்றர் ஆழம் வரை எடுத்துக் கலக்குங்கள். திட்டு மண்ணையும் நல்ல மண்ணையும் தனித்தனிப் பையில் வைத்துப் பெயர் எழுதுங்கள். எங்கே கொடுப்பது என்பதைக் கமநல சேவை நிலையத்தில் உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்; விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்திலும் கேட்கலாம். மண்ணைக் கிண்டும் முன்பே கேட்பது நல்லது.

பசளைச் சோதனையையும் விட்டுவிடாதீர்கள். பொட்டாசியம் குறைந்த மண்ணில் கபிலப் புள்ளி நோய் அடிக்கும். நெற்பயிர் எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் நிற்கிறது. வருடாவருடம் அதை அள்ளி விற்றால் மண் வெறுமையாகும். நோய் வந்த வரவையின் வைக்கோலை மட்டும் எடுத்து எருவாக மக்கவிட்டுத் திருப்பிப் போடுங்கள். உப்பின் அளவும் அதே சோதனையில் தெரியும், கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

சோளனைப் பற்றி: மடல் வெளிறலுக்குப் பயந்து மாறுவதில் பயனில்லை. அதே பங்கசு சோளனின் மடலிலும் ஏறும், பயறையும் விடாது. விலைக்காகவோ தண்ணீர் பற்றாமலோ மாறுவதானால் அது வேறு கணக்கு.