போர்ட் திறந்தும் வெளியிலிருந்து சர்வர் கிடைக்கவில்லையா? முதலில் ரவுட்டரின் ஐபியைப் பாருங்கள்

கேள்வி: பழைய லேப்டாப் ஒன்றில் டெபியன் லினக்ஸ் போட்டு, படங்களையும் கோப்புகளையும் சொந்த சர்வரில் வைக்க உதவும் நெக்ஸ்ட்கிளவுட் நிறுவியிருக்கிறேன். வீட்டு வைஃபையில் படங்கள் நன்றாக ஏறுகின்றன. வெளியே போனால் ஆப் திறப்பதே இல்லை. வெளியிலிருந்து வரும் இணைப்பு லேப்டாப்புக்குப் போகும்படி ரவுட்டரில் 443 போர்ட்டை ஃபார்வர்டு செய்து மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன். எங்கே தவறு?

பதில்: தவறு உங்கள் வீட்டுக்குள் இல்லாமலே இருக்கலாம். அதனால் லேப்டாப்பில் எதையும் மாற்றாதீர்கள், இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம்.

முதலில், சோதிக்கும்போது போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். வீட்டுக்குள் இருந்தபடியே வெளி முகவரியைத் தட்டினால் பல ரவுட்டர்கள் அதைத் திருப்பி உள்ளே அனுப்பாது. சர்வர் சரியாக இருந்தாலும் திறக்காது. அப்புறம், 'நம்பகமற்ற டொமைன்' என்ற அறிவிப்பு வந்தால் அது நல்ல செய்தி. இணைப்பு லேப்டாப் வரை வந்துவிட்டது, நெக்ஸ்ட்கிளவுட்தான் முகவரி தெரியாமல் தடுக்கிறது என்று அர்த்தம். அதன் கான்ஃபிக் கோப்பில் நம்பகமான டொமைன் பட்டியலில் உங்கள் முகவரியைச் சேர்த்தால் போதும்.

ஒன்றுமே வராமல் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் 'இன்டர்நெட்' அல்லது 'வான்' (WAN) என்ற பகுதியைத் திறந்து, அங்கே உள்ள ஐபிவி4 முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டு வைஃபையிலேயே, உங்கள் ஐபி எது என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சிக்கல் ஃபார்வர்டிங்கிலோ, லேப்டாப்பின் ஃபயர்வாலிலோ, இணையச் சேவையாளர் அந்தப் போர்ட்டைத் தடுப்பதிலோ இருக்கும். ரவுட்டரில் 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் உங்கள் ரவுட்டருக்கு முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. ஃபைபர் பெட்டியே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும், அதை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை அப்படியே கடத்தும் நிலைக்கு) மாற்றும்படி சேவையாளரிடம் சொல்லுங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம், நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். 10 என்று தொடங்கினால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

சிஜிநாட் என்றால் பல வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்து ஒரே பொது ஐபி. ஐபிவி4 முகவரி 32 பிட் என்பதால் மொத்தமே ஏறக்குறைய 429 கோடிதான். உலக அளவிலான பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு, இப்படிப் பகிர்வதற்கென்றே மேலே சொன்ன 100.64 தொகுதி ஒதுக்கப்பட்டது. அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வரும் பார்சலில் கட்டட முகவரி மட்டும் இருக்கிறது, வீட்டு எண் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசல் காவலர் அதை யாரிடம் கொடுப்பார்? உங்கள் ரவுட்டரில் இருக்கும் ஃபார்வர்டு விதி உங்கள் வீட்டுக் கதவில் ஒட்டிய சீட்டு. வாசலில் நிற்பவருக்கு அது தெரியாது. மூன்று என்ன, முப்பது தடவை சரிபார்த்தாலும் பலன் இருக்காது.

சரி, வழி என்ன? சேவையாளரிடம் தனிப் பொது ஐபி கேட்கலாம், பெரும்பாலும் கூடுதல் கட்டணம் இருக்கும். புதிய முகவரி முறையான ஐபிவி6 இருந்தால் முகவரிப் பஞ்சமே இல்லை. ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் அந்த லேப்டாப்புக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். ஆனால் நீங்கள் வெளியே பயன்படுத்தும் இணைப்பிலும் ஐபிவி6 இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் அது கிடைக்காது.

உங்களுக்கு நான் சொல்வது டனல்தான், அதாவது உங்கள் சாதனங்களுக்கு இடையே மட்டும் இணையத்தின் வழியே போகும் பூட்டிய தனிப் பாதை. பொது ஐபி கிடைத்தாலும் இதையே சொல்வேன். குடும்பப் படங்கள் உள்ள சர்வரின் கதவை ஊர் உலகம் தட்டும்படி வைக்க எனக்கு மனம் வராது. இப்படி டனல் அமைத்துத் தரும் டெயில்ஸ்கேல் என்ற சேவையின் ஆப்பை லேப்டாப்பிலும் போனிலும் நிறுவி, ஒரே கணக்கில் நுழையுங்கள். இரண்டு சாதனங்களும் உள்ளிருந்து வெளியே இணைப்பைத் தொடங்குவதால் சிஜிநாட் குறுக்கே நிற்காது. அது கொடுக்கும் முகவரியும் 100 என்றுதான் தொடங்கும், குழம்ப வேண்டாம்.

இன்னொருவர் சேவையை நம்ப விருப்பமில்லை என்றால், பொது ஐபி உள்ள சிறிய விபிஎஸ் (இணையத்தில் இயங்கும் மெய்நிகர் சர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுத்து, வயர்கார்டு என்ற டனல் மென்பொருள் மூலம் லேப்டாப்பையும் போனையும் அதனுடன் இணையுங்கள். அதில் பலர் விட்டுவிடும் ஒரு வரி உண்டு: லேப்டாப் பக்க அமைப்பில் 'பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ்' மதிப்பை 25 என்று கொடுங்கள். 25 விநாடிக்கு ஒருமுறை சின்ன பாக்கெட் போய்க்கொண்டிருந்தால்தான் சிஜிநாட் உங்கள் இணைப்பை நினைவில் வைத்திருக்கும். இல்லாவிட்டால் கொஞ்ச நேரம் சும்மா இருந்ததும், வெளியிலிருந்து லேப்டாப்பைப் பிடிக்க முடியாது.

டனல் ஓடத் தொடங்கியதும் ரவுட்டரில் போட்ட 443 விதியை அழித்துவிடுங்கள். சிஜிநாட்டில் இன்று அது எதுவும் செய்யாது. ஆனால் நாளை சேவையாளர் பொது ஐபி கொடுத்தால், அந்த நிமிடமே உங்களுக்குத் தெரியாமல் கதவு திறந்துகொள்ளும்.