இலேசான துவக்கு: கடையில் வாங்குவதா, சொல்லிச் செய்விப்பதா?

தம்பி, வேலையிடத்து நோர்வேக்காரர் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், மலையேற இலேசான துவக்கு வேண்டும், கடையில் கிடைக்கும் டிக்கா துவக்கை வாங்குவதா, காசு சேர்த்துத் தனியாகச் செய்விப்பதா என்று கேட்டிருந்தீர்கள். டிக்காவை வாங்குங்கள். நான் முதலில் மற்றதைச் செய்து காசை விட்டவன்.

இங்கே நோர்வேயில் பேர்கனுக்கு வந்து ஏழாம் வருடம், இன்னொருவர் தனக்கென்று செய்வித்த துவக்கொன்றை வாங்கினேன். கார்பன் பிடி, மெல்லிய குழல், கையில் எடுத்தால் இரண்டரைக் கிலோகூட இல்லை. ஆனால் சரிவில் ஏறி மூச்சு வாங்க நின்று குறி வைத்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் குழல் முனை ஆடும். பாரம் குறையக் குறைய உதைப்பு கூடும். பத்துச் சூட்டுக்குள் தோள் கன்றி, விசையை அழுத்த முன்னமே கண் மூடத் தொடங்கிவிட்டது. பிடியும் முந்தியவரின் கை நீளத்துக்கு வெட்டியது. விற்கப்போனபோது அதற்காகவே பாதி விலைதான் கேட்டார்கள்.

டிக்கா டி3எக்ஸ் லைட் கிட்டத்தட்ட 3 கிலோ. பின்லாந்தில் ரீஹிமாக்கியில், சாக்கோ என்ற பெயர்பெற்ற துவக்குகள் செய்யும் அதே தொழிற்சாலையில்தான் அதுவும் செய்யப்படுகிறது. நல்ல ரவை (தோட்டா) போட்டால் 100 மீற்றரில் மூன்று சூடும் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றருக்குள் விழும். வருடா வருடம் நாங்கள் எழுதும் சூட்டுத் தேர்வில் அதே தூரத்தில் ஐந்து சூடும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் விழுந்தால் போதும். தவறினால் தவறு எங்கள் கையில்தான். செய்விக்கும் துவக்கில் நீங்கள் மிச்சம் பிடிப்பது அரைக் கிலோ. சத்தம் குறைக்க இங்கே எல்லாரும் குழல் முனையில் பூட்டும் சைலன்சரே 300, 400 கிராம் வரும். அந்த மிச்சத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும்.

ஹார்டாங்கர்வித்தா மலைமேட்டில் நாள் முழுக்கக் காட்டுக் கலைமான் தேடி நடக்கிறவருக்கு அந்த அரைக் கிலோ பெரிது. உங்களுக்கு இப்போது அது தேவையில்லை.

6.5x55 என்ற ரவை அளவில் எடுங்கள், உதைப்பு மென்மை. மிஞ்சும் காசுக்குக் குறி பார்க்க நல்ல தொலைநோக்கி, பூட்டி வைக்க அங்கீகாரம் பெற்ற இரும்புப் பெட்டகம், நிறைய ரவை வாங்குங்கள். அதற்கெல்லாம் முன் வேட்டைத் தேர்வு பாஸாகி, பொலிஸிடம் அனுமதி எடுக்கவேண்டும்.

எங்கள் ஊரில் துவக்கைக் கண்டால் ஒளித்த பிள்ளைகள் நாங்கள். எனக்கும் முதல் நாள் கை நடுங்கியது. ஞாயிற்றுக்கிழமை சூட்டுத் திடலுக்கு வாருங்கள், என்னுடையதைப் பக்கத்தில் நின்று சுடப் பழக்குகிறேன்.