வாசகர் கேள்விகள்: வீட்டுக்கு ஃபைபர் இணையம், எதைப் பார்த்து வாங்குவது?

வீட்டு இணைய இணைப்பு குறித்து வந்த கடிதங்களில், பலருக்கும் பொதுவாக உள்ள ஐந்து கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டில் பிஎஸ்என்எல் லேண்ட்லைனும், அதே கம்பியில் வரும் பழைய பிராட்பேண்டும் இருக்கின்றன. ஃபைபருக்கு மாறலாம் என்று நினைக்கிறேன். ஜியோ, ஏர்டெல் ஆகிய இரண்டின் ஆட்களும் வந்து பேசிவிட்டுப் போனார்கள். தெருவில் கேபிள் டிவி நடத்துபவரும் தம்மிடம் ஃபைபர் இருப்பதாகச் சொல்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது? உறவினர் எல்லோரிடமும் உள்ள லேண்ட்லைன் எண் போய்விடுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, ஸ்ரீரங்கம்

பதில்: முதலில் எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உங்கள் முடிவில் பாதியை அதுவே தீர்மானித்துவிடும். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி செல்போனுக்கு 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது. லேண்ட்லைனுக்கு அப்படி ஒரு வசதி நம் நாட்டில் இல்லை. ஆகவே வேறு நிறுவனத்துக்குப் போனால் புதிய எண்தான் கிடைக்கும். பிஎஸ்என்எல்லின் செம்புக் கம்பியிலிருந்து அதே நிறுவனத்தின் ஃபைபருக்கு மாறினால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். ஆனால் "புதிய இணைப்பு" என்று பதிவு செய்யாமல், "இருக்கும் எண்ணை ஃபைபருக்கு மாற்றுதல்" என்றே எழுதிக் கொடுங்கள்; வந்து எழுதிக்கொண்டு போகிறவர் அவசரத்தில் முதலாவதைக் குறித்துவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு. இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. செம்புக் கம்பித் தொலைபேசிக்குத் தேவையான மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்ததால், வீட்டில் மின்வெட்டு ஏற்பட்டாலும் அது ஒலித்தது. கண்ணாடி இழையில் ஒளி மட்டுமே வரும் என்பதால், வீட்டுக் கருவிக்கு மின்சாரம் இல்லையென்றால் ஃபைபர் தொலைபேசியும் ஊமையாகிவிடும்.

இனி, எதைத் தேர்ந்தெடுப்பது என்பது. நிறுவனத்தின் பெயரைவிட, தெருமுனைக் கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்குள் வரும் கம்பியை யார் பராமரிக்கிறார் என்பதையே முதலில் விசாரியுங்கள். வீட்டு ஃபைபரில் பெரும்பாலும் ஒரே இழை ஸ்பிளிட்டர் என்னும் சிறு பெட்டியில் பிரிந்து, பொதுவாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. ஜிபான் என்ற பரவலான முறையில் அத்தனை வீடுகளும் சுமார் 2.5 கிகாபிட் வேகத்தைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. அந்தப் பெட்டிக்கு அப்பால் வரும் கடைசிக் கம்பியை இழுப்பதும், அறுந்தால் ஒட்டுவதும் பல இடங்களில் ஒப்பந்தக்காரர்களின் வேலை. பிஎஸ்என்எல்கூட உள்ளூர் கேபிள் நடத்துநர்களோடு வருவாயைப் பங்கிட்டுக்கொண்டு பல ஊர்களில் ஃபைபர் கொடுக்கிறது. ஆகவே ஒரே நிறுவனத்தின் இணைப்பு வடக்கு வீதியில் பழுதின்றி ஓடுவதும் தெற்கு வீதியில் வாரந்தோறும் நின்றுபோவதும் நடக்கக்கூடியதே. இணையத்தில் கிடைக்கும் நட்சத்திர மதிப்பெண்கள் இதைச் சொல்லா. உங்கள் தெருவில் அதே இணைப்பை வைத்திருப்பவர்தான் சொல்வார். கடைசியாக எப்போது பழுதானது, எத்தனை மணி நேரத்தில் ஆள் வந்தார், இரவு எட்டு மணிக்கு மேல் வேகம் குறைகிறதா, ஐப்பசி கார்த்திகை மழையில் என்ன ஆயிற்று, பழுது என்றால் கால் சென்டரை அழைக்கிறார்களா அல்லது தொழில்நுட்பரின் செல்போன் எண்ணே கையில் இருக்கிறதா என்று இரண்டு மூன்று வீடுகளில் கேளுங்கள்.

கேபிள்காரரை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அதே தெருவில் குடியிருப்பவர் இரவு ஒன்பது மணிக்கும் ஏணியோடு வந்து நிற்பார். இது சாதாரண அனுகூலம் அன்று. ஆனால் அவரிடம் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் உள்ள பில் கொடுக்கிறாரா என்பது. வெறும் அட்டையில் மாதம் எழுதிக் கையெழுத்துப் போடுபவரிடம் வாங்கினால் நாளைக்குப் புகார் சொல்ல இடமே இருக்காது. இரண்டாவது, வீட்டுக்குள் வருவது உண்மையிலேயே ஃபைபர்தானா என்பது. சிலர் தெருப்பெட்டி வரை ஃபைபரைக் கொண்டுவந்து, அங்கிருந்து சாதாரண லேன் கம்பியை (கணினிகளை இணைக்கும் செம்புக் கம்பி) இழுத்துவிட்டு, அதையும் ஃபைபர் என்றே விற்கிறார்கள். கருவியில் பான் (PON) என்று குறித்த துளையில், பச்சை அல்லது நீல நிறச் சதுர முனை கொண்ட மெல்லிய கம்பி செருகப்பட்டிருந்தால் அது ஃபைபர்; தொலைபேசி முனையைவிடச் சற்று அகலமான, உள்ளே செம்பு இழைகள் தெரியும் கண்ணாடி நிற முனை என்றால் அது லேன் கம்பி. லேன் கம்பியில் இணையம் வேகமாகவே வரலாம், ஆனால் இடி மின்னலில் கருவி எரிந்துபோகும் ஆபத்து அதற்கு உண்டு.

உங்களுக்கு எண் முக்கியம் என்பதால், அண்டை வீட்டார் பிஎஸ்என்எல் ஃபைபரைப் பற்றி நல்லபடியாகச் சொன்னால் அதற்கே மாறுவது மேல். சொல்லாவிட்டால், எண்ணுக்காக மட்டும் அங்கேயே இருக்க வேண்டாம்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர். மகன் வீட்டிலிருந்தே ஐடி வேலை பார்க்கிறான்; இரண்டு டிவி இருக்கின்றன. 300 எம்பிபிஎஸ் பிளான் எடுக்கச் சொல்கிறார்கள். அவ்வளவு தேவையா?
– மதுரை வாசகர்

பதில்: தேவையில்லை. 4கே தரத்தில் ஒரு படம் ஓட 15 முதல் 25 எம்பிபிஎஸ் (Mbps, நொடிக்கு இத்தனை மெகாபிட்) போதும். ஹெச்டி என்றால் சுமார் 5. வீடியோ அழைப்புக்கு நான்குகூட ஆகாது. இரண்டு டிவியும் மகனின் அலுவலக அழைப்பும் ஒரே நேரத்தில் நடந்தாலும் 100 எம்பிபிஎஸ் பிளானில் மிச்சம் இருக்கும். எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, நாம் கோப்புகளை அளப்பது பைட் கணக்கு. எட்டால் வகுத்தால் 100 எம்பிபிஎஸ்ஸில் நொடிக்கு 12.5 எம்பிதான் இறங்கும். "100 என்று சொல்லி 12 தருகிறார்கள்" என்று வரும் கடிதங்களில் பலவற்றுக்கு இதுவே விடை. மகன் பெரிய கோப்புகளை அனுப்புகிறவர் என்றால் பதிவேற்ற வேகம் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் ஒரே வேகம் தரும் பிளான்கள் இருக்கின்றன.

பணத்தை வேகத்தில் போடுவதைவிட, வைஃபை தரும் கருவியான ரூட்டரை வைக்கும் இடத்தில் கவனத்தைப் போடலாம். கம்பி இழுப்பவர் தம் வசதிக்காக வாசலுக்கு மேலே, பரணுக்கு அருகில் கருவியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். கடைசி அறையில் இருப்பவர் வேகம் இல்லை என்று பிளானை உயர்த்துகிறார். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது என்றாலும் இரண்டு செங்கல் சுவரைத் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு, அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபையும் அதில் குறுக்கிடும். மடிக்கணினியை லேன் கம்பியில் நேரடியாக இணைத்து வேகத்தைப் பாருங்கள். அதில் சரியாக வந்தால் குறை வைஃபையில்தான்.

விலையைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் உள்ளதோடு 18 சதவீத ஜிஎஸ்டியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 499 ரூபாய் என்பது கையிலிருந்து போகும்போது 588 ரூபாய் 82 காசு. "அளவற்ற" பிளான்களுக்கும் வரம்பு உண்டு. பெரிய நிறுவனங்களின் பிளான்கள் பலவற்றில் அது மாதம் 3,300 ஜிபி. ஹெச்டி படம் மணிக்கு 3 ஜிபி அளவே எடுப்பதால், ஒரு டிவி இரவும் பகலும் முப்பது நாள் ஓடினாலும் அந்த வரம்பைத் தொடாது.

கேள்வி: இப்போதுள்ள நிறுவனத்தை விட்டு வேறொன்றுக்கு மாற நினைக்கிறேன். என் தம்பி அப்படி மாறியபோது பழைய நிறுவனம் மாதக்கணக்கில் பில் அனுப்பிக்கொண்டே இருந்தது. எப்படி மாறினால் சிக்கல் வராது?
– பாளையங்கோட்டை வாசகர்

பதில்: வரிசை முக்கியம். புதியது வீட்டில் ஓடத் தொடங்கும் வரை பழையதைத் தொடாதீர்கள். இரண்டையும் ஓரிரு வாரம் சேர்த்து வைத்திருந்து, மாலை நேரத்திலும் மழை நாளிலும் புதியது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு மாத வாடகை கூடுதலாகப் போனாலும் நட்டமில்லை. அதே காரணத்தால், ஆறு மாதமோ ஓராண்டோ முன்பணம் கட்டினால் இலவச மாதம் என்ற சலுகையை முதல் முறையே ஏற்க வேண்டாம். மூன்று மாதம் பார்த்துவிட்டுக் கட்டினாலும் பெரும்பாலும் அதே சலுகை இருக்கும். நடுவில் விலகினால் மீதிப் பணம் வருமா, கருவிக்கு வைப்புத்தொகை எவ்வளவு, கம்பி இழுத்த கட்டணத்தைப் பிடித்தம் செய்வார்களா என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு நேர்ந்தது, அநேகமாக, பணம் கட்டாமல் விட்டால் இணைப்பு தானாகவே முடிந்துவிடும் என்று இருந்ததால் வந்த வினையாக இருக்கலாம். முன்பணப் பிளானில் அப்படி விட்டுவிடலாம்; மாத முடிவில் பில் வரும் பிளானில் அது பாக்கியாக ஏறும். பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து இணைப்பைத் துண்டிக்கக் கோரி எழுதி, கோரிக்கை எண்ணைப் பெறுங்கள். யுபிஐ ஆட்டோபே கொடுத்திருந்தால் அதை நீங்களே ரத்து செய்ய வேண்டும். கருவியை வாங்க வருபவரிடம், அதன் அடியில் ஒட்டியுள்ள சீரியல் எண்ணைக் குறித்துக் கையெழுத்து வாங்காமல் கொடுக்காதீர்கள். கருவியோடு அந்த எண்ணும் தெரியும்படி ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய ரூட்டருக்கும் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து மாறாமல் வைத்துவிட்டால் டிவி, பிரிண்டர், அம்மாவின் செல்போன் எல்லாம் தாமாகவே சேர்ந்துகொள்ளும். வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்ப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். பல நிறுவனங்கள் ஒரே ஐபி முகவரியை (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருவதால், பழைய முறையில் அமைத்த கேமராக்கள் எட்டாமல் போகும். உங்கள் வீட்டுக்கென்றே மாறாமல் இருக்கும் ஸ்டேடிக் ஐபி கேட்டால் கூடுதல் கட்டணத்தில் தருவார்கள்.

அப்படியும் பில் வந்தால், முதலில் நிறுவனத்தின் புகார் மையம், பிறகு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி என்று போக வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை என்பது பலருக்கும் தெரிவதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்; தொலைத்தொடர்புப் புகார்கள் அங்கே செல்லும் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

கேள்வி: மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் இன்வெர்ட்டர் இருந்தும் இணையம் நின்றுவிடுகிறது. ஏன்?
– திண்டுக்கல் வாசகி

பதில்: ரூட்டர் இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தும் நின்றால், தெருப்பெட்டியில் மின்சாரத்தில் ஓடும் கருவி இருக்கக்கூடும். முழு ஃபைபரில் இடையில் வரும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம். நிறுவனத்தின் நிலையத்தில் ஜெனரேட்டர் ஓடும் வரை இணையம் வரும். லேன் கம்பி வழி வரும் இணைப்பில் தெருப்பெட்டியின் பேட்டரி தீர்ந்தால் எல்லா வீட்டுக்கும் போய்விடும். உங்கள் வீட்டில் எது என்று, முதல் பதிலில் சொன்னபடி முனையைப் பார்த்து அறியலாம். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் ரூட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் சிறு யுபிஎஸ் வாங்கலாம். அடாப்டரில் எழுதியுள்ள ஆம்பியர் அளவுக்குக் குறையாததாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கேள்வி: கருவியில் எல்ஓஎஸ் (LOS) என்ற சிவப்பு விளக்கு எரிகிறது. அணைத்துப் போட்டும் போகவில்லை.
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: ஒளி வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள். பலமுறை அணைத்துப் போடுவதால் பயனில்லை. பீரோவை நகர்த்தியபோதோ ஒட்டடை அடித்தபோதோ கம்பி கூர்மையாக மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, மடிப்பை மெதுவாக விரித்துவிடுங்கள். பச்சை முனையைக் கழற்றித் துணியால் துடைக்க வேண்டாம், அதன் நுனியில் ஒட்டும் தூசியே ஒளியை மறைத்துவிடும். விளக்கு அணையவில்லை என்றால் புகார் எண் வாங்குங்கள். ஆள் வந்து சரி செய்தபின் அவர் கையில் உள்ள மீட்டரில் ஒளி அளவைக் காட்டச் சொல்லுங்கள்: மைனஸ் 15க்கும் மைனஸ் 25க்கும் இடையில் இருந்தால் நல்லது. மைனஸ் 27ஐ ஒட்டிக் காட்டினால், விளக்கு பச்சையாக இருந்தாலும் அடுத்த மழைக்கு மறுபடி போய்விட வாய்ப்பு உண்டு. இணைப்பை மறுபடி ஒட்டித் தரும்படி அப்போதே கேட்டுவிடுங்கள்.