ஆர் மொழியில் வரையும் அட்டவணை: மூன்று நெடுவரிசைகளுக்கு மேல் ஒரே தலைப்பை எப்படி உட்கார வைப்பது?

கேள்வி: நான்கு சிகிச்சைப் பிரிவுகளின் முடிவுகளை ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் ஒரு அட்டவணையாக வரைந்து பிஎன்ஜி படமாகச் சேமிக்க வேண்டும். முதல் நெடுவரிசையில் பிரிவின் பெயர். அடுத்த மூன்றில் முதல் பரிசோதனையின் எண்ணிக்கை, சராசரி, திட்டவிலக்கம், அதற்கடுத்த மூன்றில் இரண்டாம் பரிசோதனையின் அதே மூன்று. “முதல் பரிசோதனை” என்ற தலைப்பு மூன்று நெடுவரிசைகளுக்கும் மேலே பரவி நிற்க வேண்டும். நடுவில் இருக்கும் “சராசரி”யின் பெயருக்கு முன்னால் அந்தத் தலைப்பையும் ஒரு வரிமுறிவையும் சேர்த்துப் பார்த்தேன். அந்த நெடுவரிசை மட்டும் வீங்கிவிட்டது. சரியான வழி என்ன?

பதில்: முதலில் அது ஏன் வீங்கியது என்று பார்த்துவிடுவோம். ஒரு நெடுவரிசையில் உள்ள எழுத்துகளிலேயே நீளமானது எதுவோ அதுதான் அதன் அகலத்தைத் தீர்மானிக்கிறது. நீங்கள் தலைப்பை “சராசரி”க்குள் திணித்ததும் அதுவே மிக நீளமான எழுத்தாகிவிட்டது, பக்கத்தில் இருக்கும் இரண்டுக்கும் அது தங்களுக்கும் சேர்த்து வைத்த தலைப்பு என்று தெரியவே வழியில்லை. சிலர் இதை வெற்றிடங்களை அடித்து நகர்த்திச் சரிசெய்யப் பார்ப்பார்கள். எழுத்தின் அளவை ஒரு புள்ளி மாற்றினால் அது கலைந்துவிடும், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கிரிட்எக்ஸ்ட்ரா தொகுப்பில் அட்டவணை வரையும் செயல்பாடான டேபிள்கிராப் திருப்பித் தருவது ஒரு படம் அல்ல, ஒரு கட்டம். ஒவ்வொரு கலத்தின் எழுத்தும், அதன் பின்னணிச் செவ்வகமும் அந்தக் கட்டத்தில் எங்கே இருக்கின்றன என்பது நான்கு எண்களில் எழுதப்பட்டிருக்கும்: மேல் எல்லை, இடது எல்லை, கீழ் எல்லை, வலது எல்லை. அதாவது டி, எல், பி, ஆர். பரவி நிற்கும் தலைப்பு என்பது இடது எல்லையும் வலது எல்லையும் வேறு வேறாக இருக்கும் ஒரு பொருள், அவ்வளவுதான். உங்கள் “முதல் பரிசோதனை”க்கு இடது 2, வலது 4. இரண்டாவதற்கு இடது 5, வலது 7. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எண்களை எழுதும் வேலை.

2015-இல் வந்த 2.0 பதிப்பில்தான் டேபிள்கிராப் இப்படி ஜிடேபிள் தொகுப்பின் மேல் திருப்பி எழுதப்பட்டது. இணையத்தில் கிடைக்கும் அதற்கு முந்தைய விடைகளில் உள்ள அலங்கார அளபுருக்கள் (செயல்பாட்டுக்கு நாம் கொடுக்கும் அமைப்புகள்) இப்போது வேலை செய்யாது, அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். அப்புறம், செயல்பாடுகளின் பெயர்களை ஒலிப்புப்படி எழுதுகிறேன். நடுவில் கோடு போட்டிருக்கும் இடங்களில் அண்டர்ஸ்கோர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வரைவதற்கு முன்பே எண்களை எழுத்துச்சரங்களாக மாற்றிவிடுங்கள். எண்ணை எழுத்தாக வடிவமைக்கும் ஸ்பிரின்ட்எஃப் வைத்து ஒரு தசம இடம் என்று சொல்லிவிட்டால் 12-உம் 12.0 என்றே வரும், பத்திரமாக ஒன்றின்கீழ் ஒன்று நிற்கும். இங்கே ஒரு சின்னக் குழி இருக்கிறது: விடுபட்ட மதிப்பை ஸ்பிரின்ட்எஃப்பில் கொடுத்தால் அது “என்ஏ” என்ற இரண்டு எழுத்துச் சரமாக மாறிவிடும், அதற்குப் பிறகு இஸ்.என்ஏ கொண்டு தேடினால் எதுவும் அகப்படாது. எந்த இடங்கள் காலி என்பதை மாற்றுவதற்கு முன்பே குறித்து வைத்துக்கொண்டு, மாற்றிய பிறகு அங்கே ஒரு சிறு கோட்டைப் போடுங்கள்.

அடுத்து டேபிள்கிராப்பை அழையுங்கள். ரோஸ் என்ற அளபுருவுக்கு நல் (ஆரில் ‘எதுவும் இல்லை’) கொடுங்கள். இல்லையென்றால் வரிசைப் பெயர்கள் முதல் நெடுவரிசையாக வந்து உட்கார்ந்து, 7 நெடுவரிசை 8 ஆகி, நாம் பேசிய எல்லா எண்களும் ஒன்று தள்ளிப்போகும். தலைப்பு ஒரு நெடுவரிசை தள்ளி நிற்கிறது என்று யார் கேட்டாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். கால்ஸ் என்ற அளபுருவில் ஏழு பெயர்களையும் நேரடியாகக் கொடுங்கள். “சராசரி” இரண்டு முறை வருகிறதே என்று தயங்க வேண்டாம், இங்கே ஒரே பெயர் திரும்ப வரலாம். ஆரின் தரவு அட்டவணையான டேட்டா ஃபிரேமிலேயே அப்படி வைக்கப் பார்த்தால்தான் ஆர் அதன் பின்னால் புள்ளி ஒன்று என்று ஒட்டிவிடும்.

இப்போது கட்டத்தில் 5 வரிசைகள், 7 நெடுவரிசைகள். ஜிடேபிள்-ஆட்-ரோஸ் கொண்டு மேலே ஒரு வரிசையைச் சேருங்கள். உயரத்துக்கு ஏற்கெனவே உள்ள முதல் வரிசையின் உயரத்தையே கொடுக்கலாம். பாஸ் அளபுருவுக்குக் கட்டாயம் 0 கொடுங்கள். எதுவும் கொடுக்காமல் விட்டால் புது வரிசை அடியில் போய்ச் சேரும், மேலே ஒன்றும் மாறவில்லையே என்று நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள். சேர்த்ததும் வரிசைகள் 6 ஆகின்றன, பழைய தலைப்பு வரிசை 2 ஆகிறது.

தலைப்பைச் செய்ய இரண்டு துண்டுகள் போதும். டெக்ஸ்ட்கிராப் கொண்டு தடித்த எழுத்தில் “முதல் பரிசோதனை”, செக்மென்ட்ஸ்கிராப் கொண்டு அதன் அடியில் ஒரு கோடு. இரண்டையும் கிராப்ட்ரீக்குள் போட்டுக் கட்டி, ஜிடேபிள்-ஆட்-கிராப் வழியாக மேல் 1, இடது 2, வலது 4 என்று வையுங்கள். வலது எல்லையைக் கொடுக்க மறந்தால் அது இடது எல்லையையே எடுத்துக்கொள்ளும். அப்போது தலைப்பு முழுவதும் “எண்ணிக்கை” என்ற ஒல்லியான நெடுவரிசைக்குள் மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டு, நடுவில் இரண்டு மூன்று எழுத்து மட்டும் தெரியும். அப்படி ஒரு படத்தைப் பார்த்தால் எங்கே தவறு என்று யோசிக்கவே வேண்டாம்.

அந்தக் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அதை 0-இலிருந்து 1 வரை முழு அகலத்துக்கும் போட்டால் முதல் பரிசோதனையின் கோடும் இரண்டாவதன் கோடும் ஒட்டிக்கொண்டு ஒரே நீளக் கோடாகத் தெரியும், எந்தத் தலைப்பு எங்கே முடிகிறது என்பது படிப்பவருக்குப் புரியாது. தொடக்கத்தை 2 மில்லிமீட்டர் என்றும், முடிவை முழு அகலத்தில் 2 மில்லிமீட்டர் குறைத்தும் கொடுங்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள கிரிட் தொகுப்பில் வெவ்வேறு அலகுகளை இப்படிக் கூட்டிக் கழிக்கலாம். நடுவே விழும் அந்த 4 மில்லிமீட்டர் இடைவெளி, எந்தப் பின்னணி வண்ணத்தையும் விடத் தெளிவாக இரண்டு குழுக்களையும் பிரித்துக் காட்டும். இன்னொன்று: கோட்டை மிகச் சரியாகத் தலைப்புக்கான இடத்தின் அடி விளிம்பில் போட்டால் அது பாதித் தடிமனாகத் தெரியும். ஜிடேபிள்-ஆட்-கிராப் வழக்கமாக அந்த இடத்துக்கு வெளியே நீட்டுவதை வெட்டிவிடும், கோட்டின் கீழ்ப்பாதி வெளியேதானே இருக்கிறது. கிளிப் அளபுருவை “ஆஃப்” என்று மாற்றுங்கள், முழுக் கோடும் வந்துவிடும்.

“பிரிவு” என்ற முதல் தலைப்புக்கு மேலே இப்போது ஒரு காலி இடம் இருக்கும். அது இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் நின்றால்தான் அட்டவணை முழுமையாகத் தோன்றும். இதற்குப் புதிதாக எதையும் வரைய வேண்டாம். கட்டத்தின் லேஅவுட் என்ற பகுதி ஒரு சாதாரண டேட்டா ஃபிரேம்தான். அதில் இடது எல்லை 1, மேல் எல்லை 2 என்று இருக்கும் பதிவுகளைத் தேடி, மேல் எல்லையை 1 ஆக்கிவிடுங்கள். இரண்டு பதிவுகள் கிடைக்கும், ஒன்று எழுத்து, ஒன்று பின்னணி. இரண்டையும் மாற்றுங்கள், எழுத்து தானாக நடுவுக்கு வந்துவிடும்.

அகலம்தான் பலரும் கவனிக்காமல் விடும் இடம். பரவும் தலைப்பு அடியில் உள்ள மூன்று நெடுவரிசைகளின் மொத்த அகலத்தை விட நீளமாக இருந்தால், கட்டம் தானாக விரியாது. ஏற்கெனவே கணக்கிட்ட அகலங்கள் அப்படியே இருக்கும், நீங்கள்தான் விரிக்க வேண்டும். கிராப்விட்த் கொண்டு தலைப்பின் அகலத்தையும், 2 முதல் 4 வரையுள்ள நெடுவரிசைகளின் கூட்டுத்தொகையையும் எடுத்து, கன்வெர்ட்விட்த் மூலம் இரண்டையும் மில்லிமீட்டராக்கி ஒப்பிடுங்கள். தலைப்பு 50, நெடுவரிசைகள் 44 என்று வந்தால் பற்றாக்குறை 6. ஓரத்தில் கொஞ்சம் மூச்சுவிட இடம் வேண்டும் என்று இன்னும் 6 சேர்த்து 12 ஆக்கி, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் 4 மில்லிமீட்டர் கூட்டிவிடுங்கள். அளக்கும்போது எழுத்துத் துண்டை மட்டும் அளங்கள். கோட்டோடு சேர்த்துக் கட்டிய கிராப்ட்ரீயை அளந்தால் பயனுள்ள எண் கிடைக்காது.

எண்களை வலப்பக்கம் ஒட்டி நிறுத்துவது நல்லது, தசமப் புள்ளிகள் நேர்கோட்டில் வரும். அட்டவணையின் தோற்றத்தை முடிவுசெய்யும் டிதீம்-மினிமலுக்குள் கோர் (தலைப்பு தவிர்த்த உடல்) பகுதியின் எழுத்து அமைப்பில் ஹெச்ஜஸ்ட் 1, எக்ஸ் 0.95 என்று கொடுத்தால் எல்லா நெடுவரிசையும் வலப்பக்கம் போகும், பிரிவின் பெயர்களும் சேர்ந்தே போகும். அது வேண்டாம் என்றால் ஒரே எண்ணுக்குப் பதில் ஒரு வெக்டர் கொடுங்கள்: முதல் நெடுவரிசைக்கு 0, மற்ற ஆறுக்கும் 1, ஒவ்வொன்றும் நான்கு முறை. நிரப்புவது நெடுவரிசை நெடுவரிசையாக என்பதால் இந்த வரிசைமுறை சரியாகப் பொருந்தும். எக்ஸுக்கும் அதேபோல 0.05-உம் 0.95-உம்.

குழுக்களின் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் மாறுமென்றால் 2, 4, 5, 7 என்று கையால் எழுதாதீர்கள். ஒவ்வொரு நெடுவரிசையும் எந்தத் தலைப்பின் கீழ் என்பதை ஒரு வெக்டரில் வைத்து, அடுத்தடுத்து ஒரே மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் ஆர்எல்ஈ என்ற செயல்பாட்டிடம் கொடுங்கள். அது தரும் நீளங்களை கம்சம் கொண்டு படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனால் வலது எல்லைகள், அதிலிருந்து நீளத்தைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் இடது எல்லைகள். பிறகு ஒரு ஃபார் சுற்றுக்குள் தலைப்புகளைச் சேர்த்துவிடலாம். ஒரே குழுவைச் சேர்ந்தவை அடுத்தடுத்து இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

வரைவதற்கு கிரிட்.நியூபேஜ், பிறகு கிரிட்.டிரா. முன்னதை விட்டால் பழைய படத்தின் மேலேயே வரைந்துவிடும். சேமிக்கும்போது அளவை ஊகிக்காதீர்கள். அகலங்களின் கூட்டுத்தொகையையும் உயரங்களின் கூட்டுத்தொகையையும் அங்குலமாக மாற்றி ஜிஜிசேவுக்குக் கொடுத்தால், சுற்றிலும் வெள்ளை இடமும் இருக்காது, வெட்டும் படாது. தமிழிலேயே தலைப்பு வைக்கிறீர்கள் என்றால் பிஎன்ஜிக்கு ராக் தொகுப்பையும் பிடிஎஃப்புக்கு கெய்ரோ-பிடிஎஃப்பையும் பயன்படுத்துங்கள். ஆரின் வழக்கமான பிடிஎஃப் கருவி தமிழ் எழுத்துகளைத் தாங்காது.

ஒரு கிராஃபின் அடியில் இந்த அட்டவணையை வைக்க வேண்டுமா? கிரிட்.அரேஞ்சில் உயரங்களாக 1 நல் அலகையும் (மீதி இடத்தை நிரப்பும் அலகு, முன்பு சொன்ன நல் அல்ல), அட்டவணை உயரங்களின் கூட்டுத்தொகையையும் கொடுங்கள். அட்டவணை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும், மீதி இடம் முழுவதும் கிராஃபுக்கு.

இவ்வளவும் படமாக வரைய வேண்டியிருப்பதால்தான். அட்டவணை ஒரு வேர்ட் கோப்புக்கோ வலைப்பக்கத்துக்கோ போகிறது என்றால் ஃபிளெக்ஸ்டேபிளின் ஆட்-ஹெடர்-ரோவில் மூன்று தலைப்புகளையும் (முதலாவது காலி) 1, 3, 3 என்ற அகலங்களையும் கொடுத்தால் முடிந்தது, கூட்டுத்தொகை நெடுவரிசைகளின் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும். ஜிடி தொகுப்பில் டேப்-ஸ்பேனர் இதே வேலையைச் செய்யும், ஆனால் அதை பிஎன்ஜி ஆக்க வெப்ஷாட்2 தொகுப்பும் குரோம் உலாவியும் வேண்டும். உலாவி எதுவும் நிறுவ முடியாத சர்வரில் இயங்கும் நிரல் என்றால் நான் கிரிட்எக்ஸ்ட்ரா வழியைத்தான் எடுப்பேன்.

செய்யும்போது எங்காவது சிக்கினால் ஜிடேபிள்-ஷோ-லேஅவுட்டை இயக்கிப் பாருங்கள். கட்டம் முழுவதும் கோடுகளோடும் அளவுகளோடும் திரையில் வரும், நீங்கள் சொன்ன 2-உம் 4-உம் உண்மையில் எந்த இடம் என்று விரல் வைத்து எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.