நமத்த பிஸ்கட்டும் மொறுமொறு கோனும்

கேள்வி: சென்ற இதழில் மேரி பிஸ்கட் வைத்து 'வீட்டு ஐஸ்கிரீம் சாண்ட்விச்' செய்முறை போட்டிருந்தீர்கள். லீவுக்கு வந்த பேரப்பிள்ளைகளுக்குச் செய்து கொடுத்தேன். நீங்கள் எழுதியபடியே ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால், பிஸ்கட் ஒரு பக்கம் நமத்துப் போயிருக்கிறது, இன்னொரு பக்கம் கல் மாதிரி இருக்கிறது. கடித்தால் ஐஸ்கிரீம் பிதுங்கிச் சட்டையில் விழுகிறது. "பேசாமல் கடையில் ஆளுக்கொரு கோன் வாங்கித் தந்திருக்கலாம்" என்று மகன் சொல்லிவிட்டான். மொறுமொறுவென்று வராத ஒன்றை எதற்குப் போடுகிறீர்கள்? நம்ம ஊர்ப் பலகாரம் எதுவும் கிடைக்கவில்லையா?
— ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அம்மா. 'எட்டு மணி நேரம்' என்று இருக்க வேண்டியது 'ஒரு மணி நேரம்' என்று அச்சாகிவிட்டது. அச்சுக்குப் போகும் முன் நான்தான் பார்த்திருக்க வேண்டும். உங்கள் பாலும் சர்க்கரையும் உழைப்பும் வீணானதற்கு அந்த ஒரு சொல்தான் காரணம்.

ஆனால் 'மொறுமொறுவென்று வராத ஒன்று' என்கிறீர்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐஸ்கிரீம் சாண்ட்விச் மொறுமொறுவென்று இருக்கவே கூடாது. உங்கள் பிஸ்கட் நமத்தது தப்பில்லை, பாதியில் நின்றதுதான் தப்பு. ஐஸ்கிரீமில் உள்ள தண்ணீர் முழுவதும் உறைவதில்லை. ஃப்ரீசரில் இருக்கும்போதும் ஒரு பகுதி சர்க்கரையோடு சேர்ந்து பாகாகவே நிற்கும். அந்த ஈரம் மெல்ல மெல்ல பிஸ்கட்டில் ஏறும். ஒரு மணி நேரத்தில் எடுத்தால் நீங்கள் சொன்ன கதிதான்: கடினமாக இருக்கும் பக்கத்தில் பல் அழுத்துகிறது, நடுவில் இருப்பது வழி தேடிப் பிதுங்குகிறது. ராத்திரி முழுக்க விட்டால் பிஸ்கட் ஒரே சீராக, கேக் மாதிரி ஆகிவிடும். கடித்தால் மூன்று அடுக்கும் ஒன்றாக அறுபடும். கடையில் விற்கும் சாண்ட்விச்சின் மேலும் கீழும் இருக்கும் கறுப்பு பிஸ்கட்டை ஒரு முறை விரலால் அழுத்திப் பாருங்கள். அதுவும் மெத்தென்றுதான் இருக்கும்.

கோனின் கதை வேறு. அதற்கு மொறுமொறுப்புதான் உயிர். சர்க்கரை கூடுதலாகப் போட்ட மாவைச் சூடான இரும்புத் தகட்டில் தோசை மாதிரி ஊற்றி, வெந்ததும் சூட்டோடு சூடாகச் சுருட்ட வேண்டும். ஆறினால் சர்க்கரை கண்ணாடிபோல் இறுகிவிடும், சுருட்டப் போனால் உடையும். அந்த இறுக்கத்துக்கு எதிரி ஈரம். போன ஆடியில் ஏற்காடு ஏரிக்கரையில் ஒரு தள்ளுவண்டிக்காரரைக் கவனித்துக்கொண்டு நின்றேன். பனிமூட்டம் சாலைவரை இறங்கியிருந்தது. கோன்களை அவர் வெளியே அடுக்கவில்லை. முறுக்கு டின் மாதிரி ஒன்றில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு முறையும் மூடியை அழுத்தி மூடினார். கேட்டதற்கு, கீழே சேலத்தில் என்றால் ஐஸ்கிரீமைக் காப்பாற்ற வேண்டும், மேலே வந்தால் கோனைக் காப்பாற்ற வேண்டும் என்றார். கோனைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அப்படியென்றால் கடையில் பாக்கெட்டில் வரும் கோன் மாதக்கணக்கில் ஃப்ரீசரில் கிடந்தும் எப்படி நமக்காமல் இருக்கிறது? இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து ஐஸ்கிரீம் நிறுவனம் ஒன்று 1959-இல் இதற்கு வழி கண்டுபிடித்தது. கோனின் உள்பக்கம் முழுக்க எண்ணெய், சர்க்கரை, சாக்லேட் கலந்த பூச்சு. கொழுப்பு இருக்கும் இடத்தில் ஈரம் நுழையாது. உங்கள் மகனுக்கு மொறுமொறுப்பு இல்லாமல் ஆகாது என்றால், அவருடைய பிஸ்கட்டுகளுக்கு மட்டும் உள்பக்கம் உருக்கிய சாக்லேட்டைத் தடவி, காய்ந்த பிறகு ஐஸ்கிரீம் வையுங்கள்.

சரி, 'நம்ம ஊர்ப் பலகாரம்' என்ற கேள்விக்கு வருகிறேன். அம்மாபேட்டையில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? சாயங்காலம் தெருமுனைக்குப் போனால் தட்டுவடை செட் கிடைக்கும். இரண்டு சின்னத் தட்டுவடை, நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி. கையில் வாங்கியதும் வாயில் போட வேண்டும், இரண்டு நிமிடம் பேசிக்கொண்டு நின்றால் வடை நமத்துவிடும். இரண்டு வட்டத்துக்கு நடுவே ஒன்றை வைத்துக் கடிப்பது சேலத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை. நியூயார்க்கில் 1900 வாக்கில் ஐஸ்கிரீம் சாண்ட்விச்சை விற்றவர்களும் தள்ளுவண்டிக்காரர்கள்தான். விலை ஒரு சென்ட். கூலிவேலை செய்கிறவர் நின்றபடி தின்றுவிட்டுப் போன தீனி அது. செட்டுக்கு நெருங்கிய சொந்தம் என்றே எனக்குப் படுகிறது.

கோனும் பெரிய இடத்துப் பிள்ளை அல்ல. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 1904-இல் நடந்த உலகக் கண்காட்சியில், ஐஸ்கிரீம் கடைக்காரரிடம் கிண்ணம் தீர்ந்துபோக, பக்கத்தில் சலாபியா என்ற மெல்லிய மொறுமொறு இனிப்பைச் சுட்டு விற்றுக்கொண்டிருந்த சிரியாக்காரர் எர்னஸ்ட் ஹம்வி ஒன்றைச் சுருட்டி நீட்டினார் என்று சொல்வார்கள். நம் ஜிலேபியின் பெயருக்கு உறவுதான் சலாபியா. அதே கண்காட்சியில் நான்தான் முதலில் சுருட்டினேன் என்று சொன்னவர்கள் வேறு சிலரும் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு, 1903 டிசம்பரிலேயே, தின்னும் கிண்ணம் வார்க்கும் அச்சுக்கு இத்தாலியரான இடாலோ மார்க்கியோனி காப்புரிமை வாங்கிவிட்டார். யார் முதல் என்ற வழக்கு எனக்கு முக்கியமில்லை. எல்லோருமே பிழைக்க வந்த இடத்தில் அடுப்பு மூட்டியவர்கள், அது முக்கியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல நாடுகளில் கோன் மாவில் கோதுமை மாவோடு மரவள்ளி மாவும் சேர்க்கிறார்கள். ஆத்தூர்ப் பக்கம் போனால் சாலையோரக் களங்களில் வெள்ளை வெளேரென்று காய்கிறதே, அதே குச்சிக்கிழங்கு மாவு. அதனால் கோனை முழுக்க அந்நியம் என்றும் சொல்லிவிட முடியாது.

அப்புறம் உங்கள் மகனுக்கு ஒரு வார்த்தை. கடையில் கோன் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. வாங்கும்போது உறையில் 'ஐஸ்கிரீம்' என்று இருக்கிறதா, 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண ஐஸ்கிரீம் என்றால் பால்கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். ஃப்ரோசன் டெசர்ட்டில் பால்கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் தாவர எண்ணெய்க் கொழுப்பு இருக்கும். அது விஷமில்லை, விற்பது குற்றமுமில்லை. ஆனால் பால் என்று நம்பிப் பிள்ளை கையில் கொடுக்கிறோம், அந்த எழுத்தோ எறும்பு அளவில் இருக்கிறது. இதில் எனக்குக் கோபம் உண்டு. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராம் எடை இருந்தால் போதும் என்பதும் சட்டம்தான். மீதி இடத்தில் இருப்பது காற்று.

இப்போது உங்கள் அடுப்பைப் பாருங்கள். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பாலில் கொழுப்பு 6 சதவீதம். ஒரு லிட்டரைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, 125 கிராம் சர்க்கரையும் ஆறிய பிறகு 200 மில்லி ஃப்ரெஷ் க்ரீமும் சேர்த்தால், கொழுப்பு 10 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. சட்டம் கேட்கும் ஐஸ்கிரீம் உங்கள் வீட்டுப் பாத்திரத்திலேயே இருக்கிறது. அதைச் செய்த கைக்கு 'கோன் வாங்கித் தந்திருக்கலாம்' என்ற பேச்சு தேவையில்லை.

மல்கோவா இருக்கும் பருவம் என்றால் ஒரு பழத்தின் சதையைத் தனியாக வாணலியில் போட்டு, தண்ணீர் வற்றும்வரை கிளறிச் சேருங்கள். பச்சையாகப் போட்டால் பழத்தின் தண்ணீர் நறநறவென்று ஐஸாகிவிடும். கலவையை ஃப்ரீசரில் வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து எடுத்து மிக்சியில் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வையுங்கள், இப்படி இரண்டு முறை. கடைசியில் தட்டில் விரல் தடிமனுக்குப் பரப்பி உறையவிட்டு, பிஸ்கட் அளவு வாய் உள்ள டம்ளரால் வட்டமாக வெட்டி, பிஸ்கட்டுகளுக்கு நடுவே வைத்து, பட்டர் பேப்பரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் படுக்கப் போங்கள். காலையில் பிள்ளைகள் எழுந்து கேட்டாலும் எட்டு மணி நேரம் ஆகாமல் கொடுக்காதீர்கள்.

திருத்திய செய்முறை அடுத்த இதழில், இந்த முறை நேரத்தைத் தடித்த எழுத்தில் போட்டு வருகிறது.