வேனுக்குப் புது புஷ்: வாசகர் கேள்விகள்

கே: பழைய வேன். முன்பக்க லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை) புஷ்களை, அதாவது அதன் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளைகளை, வீட்டிலேயே மாற்றினேன். சில மாதத்திலேயே ரப்பர் கிழிந்து மறுபடி டொக் டொக் சத்தம். கடைக்காரர் ‘மாட்டினது சரியில்லை’ என்கிறார். ஏமாற்றுகிறாரா?

ப: போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது சக்கரம் தொங்கிக்கொண்டிருந்ததா? அப்படியென்றால் அவர் சொல்வது சரியாக இருக்கலாம். இந்த வகை ரப்பர் புஷ்ஷின் நடுவே போல்ட் நுழையும் இரும்பு உள்குழல் சுழலாது. போல்ட்டை இறுக்கியதும் அது அடிச்சட்டத்தில் உள்ள பிராக்கெட்டோடு பிடித்துக்கொள்ளும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுகிக் கொடுக்கும். சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதுமே ரப்பர் ஒரு பக்கமாக முறுகிவிடும். வண்டி சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு போகாது. பள்ளத்தில் விழுந்தால் இன்னும் முறுகும். எத்தனை நாள் தாங்கும்?

கழற்றும் முன், வண்டி தரையில் நிற்கும்போதே சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புது புஷ்ஷை மாட்டிப் போல்ட்டைத் தளர்வாக விடுங்கள். வண்டியின் பாடியைத் தாங்கு ஸ்டாண்டுகள் மேல் நிறுத்திவிட்டு, ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அதே அளவு வரும்வரை உயர்த்தி, அப்புறம் இறுக்குங்கள். பட்டறைகளிலேயே பலர் இதைச் செய்வதில்லை. லிஃப்டில் தொங்கவிட்டபடியே இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். வண்டிக்காரர் பாகத்தைத் திட்டிக்கொண்டே மறுபடி காசு கொடுக்கிறார். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

கிழிந்த புஷ்ஷில் ஒன்று மட்டும் பாருங்கள். ரப்பர் துளிகூட ஒட்டாமல் இரும்பு பளிச்சென்று தெரிந்தால், ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. அது தயாரிப்புக் குறையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பில்லோடு போய்க் கேளுங்கள், விடாதீர்கள்.

கே: பாலியூரித்தேன் புஷ் ரப்பரைவிட நெடுநாள் உழைக்குமாமே, வாங்கலாமா?

ப: உழைக்கும்தான். ஆனால் ரப்பரைவிட விறைப்பு. சாலையின் அதிர்வும் சத்தமும் கூடுதலாக உள்ளே வரும். குடும்பத்தோடு போகும் வேனுக்கு நான் சொல்லமாட்டேன். நான் வாங்கிய செட்டில் கிரீஸ் பொட்டலமே இல்லை. கேட்டதற்கு ‘தேவையில்லை சார்’ என்றார் விற்றவர். வேகத்தடை ஒவ்வொன்றிலும் துருப்பிடித்த கதவுக் கீல் மாதிரி கிறீச்சிட்டது. வாங்குவதென்றால், அதற்குரிய சிலிக்கான் கிரீஸ் பெட்டிக்குள் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

கே: ரப்பர் புஷ் சுலபமாக நுழைய சாதா கிரீஸ் தடவலாமா?

ப: வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

கே: வேன் பெயரைப் போட்டு ஆன்லைனில் வாங்கினேன். ஆர்முக்குள் நுழையவில்லை. சுத்தியலால் அடித்ததில் விளிம்பு நசுங்கிவிட்டது. திருப்பி எடுப்பார்களா?

ப: அடித்து நசுக்கியதை யார் எடுப்பார்கள்? ஒரே வேனுக்கு ஆண்டுக்கு ஆண்டு பாகம் மாறும். சேசிஸ் நம்பரைக் கொடுத்துப் பாக எண்ணைக் கேட்காமல் பணம் கட்டியது உங்கள் தப்பு. நுழையவில்லை என்றதுமே பழையதைப் பக்கத்தில் வைத்து அளந்திருக்கலாம். அடுத்த முறை நீளப் போல்ட்டும் வாஷரும் வைத்து இழுத்து ஏற்றுங்கள். சுத்தியலை எடுக்காதீர்கள்.

கே: ஸ்டாண்டு இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கலாமா?

ப: கூடாது. ஸ்டாண்டு வாங்காதவர் புஷ்ஷும் வாங்கவேண்டாம்.

கே: பட்டறையில் நாலு புஷ் மாற்றியதாகப் பில் போட்டார்கள். குனிந்து பார்த்தால் இரண்டு பழையவை, வெடிப்போடு அப்படியே இருக்கின்றன. கேட்டால் மழுப்புகிறார்கள்.

ப: இது பச்சை மோசடி. நீங்கள் குனிந்து பார்த்தது நல்லதாயிற்று. வண்டியில் வேறு யாரும் கை வைப்பதற்குள் புதியதும் பழையதும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி எடுங்கள், நம்பர் பிளேட்டோடு ஒரு படமும் எடுங்கள். வேறொரு மெக்கானிக்கிடம் காட்டி, பார்த்ததை எழுதி வாங்குங்கள். அப்புறம் பில் நகலோடு எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். தராவிட்டால் நுகர்வோர் புகாருக்கு இதே காகிதங்கள் உதவும். இனி எங்கே வண்டியை விட்டாலும், கழற்றிய பாகம் கைக்கு வரவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கே: புஷ் மாற்றினால் வீல் அலைன்மென்ட் பார்க்கவேண்டுமா?

ப: லோயர் ஆர்மைக் கழற்றியிருந்தால் கட்டாயம் பார்க்கவேண்டும்.